இரண்டு வீட்டுப் பேத்திக்கு

கிள்ளான்
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

போன வாரம் மெல்பர்ன் விருந்துப் பேச்சைப் பற்றி நீ கேட்டதற்கு "அப்புறம் பேசலாம்" என்று போனை வைத்துவிட்டேன். உன்மேல் கோபம் எதுவும் இல்லை. போனில் ஆரம்பித்தால் உன் அம்மா நடுவில் புகுந்து திருத்துவாள், நான் குரலை உயர்த்துவேன், சொல்ல வந்தது போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். அவளுக்கும் தெரியும். "எழுதுங்கோ, ஆனால் என்ர அப்பாவை இழுக்காதேங்கோ" என்றாள். அவரை இழுக்காமல் இதை எழுத முடியாது.

மெல்பர்ன் விருந்தில் அந்தப் பெரியவர் சொன்னதாக நீ சொன்னது இது: "நாங்களும் தமிழர், தோட்டத்து ஆட்களும் தமிழர். ஒரே காலத்தில்தான் மலாயாவுக்கு வந்தோம். நாங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். அவர்கள் கள்ளுக்கடையில் நின்றார்கள்." நீ பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாயாம். பாவம், நீ எந்தப் பக்கம் பேசுவாய்? அம்மா வழியில் யாழ்ப்பாணம், என் வழியில் முசிறி.

ஒரே காலம் என்பது ஓரளவு சரிதான். ஆனால் யார் எதற்காகக் கூப்பிட்டு வந்தோம் என்பதை அவர் விட்டுவிட்டார்.

அம்மாவின் தாத்தாவை எடுத்துக்கொள். யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷன்காரர்கள் 1816லேயே வந்துவிட்டார்கள். 1823ல் வட்டுக்கோட்டையில் செமினரி, அடுத்த வருடம் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி. பிள்ளைகள் மதம் மாறிவிடுவார்கள் என்று ஆறுமுக நாவலர் 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். போட்டி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் கட்டிய ஊர் அது. பேராக்கில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது 1885ல். அதற்குள் யாழ்ப்பாணத்தில் இரண்டு தலைமுறை இங்கிலீஷ் படித்து முடித்திருந்தது. படித்தவர்களுக்குத் தகுந்த வேலை உள்ளூரில் இல்லை. இங்கே ரயில்வே, மராமத்து இலாகா, சர்வே, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் கிளார்க் தேவைப்பட்டது. இலங்கையில் வேலை பார்த்துவிட்டு மலாயாவுக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இந்த ஆட்களை ஏற்கெனவே தெரியும். பேராக்கின் முதல் ரெசிடெண்டாக (பிரிட்டிஷ் ஆலோசகராக) வந்த பர்ச்சும் இலங்கையில் இருந்தவர்தான். அம்மாவின் தாத்தா 1912ல் கைக்காசில் டிக்கெட் எடுத்து, பெட்டியில் சர்ட்டிபிகேட்டோடு வந்தார். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டு வராந்தாவில் மூன்று மாதம் படுத்திருந்து ரயில்வேயில் கிளார்க் ஆனார்.

இனி என் தாத்தா. 1928ல் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் அதே ஊர்க் கங்காணி வந்து, ரப்பர் மரத்தைச் சீவினால் பால் வடியும், பாலுக்குக் காசு என்று சொல்லி முப்பது பேரைச் சேர்த்தார். நிலம் இல்லாதவர்கள், கடன்பட்டவர்கள், ஊரில் பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்க விடாத சாதிகளைச் சேர்ந்தவர்கள். தாத்தா, பாட்டி, எட்டு வயதில் என் அப்பா, பத்து வயதில் பெரியப்பா, நால்வரும் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறினார்கள். கப்பல் கூலி இவர்கள் கொடுக்கவில்லை. தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி நடத்திய குடியேற்ற நிதி கொடுத்தது. வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. அந்த வருடம் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40.

அந்த மெல்பர்ன் மாமாவிடம் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் கிணற்றடிக்கு வர விடாமல் வைத்திருந்த சாதிகளிலிருந்து எத்தனை பேர் கிளார்க்காக மலாயாவுக்கு வந்தார்கள்? தமிழ்நாட்டிலிருந்து வந்த செட்டியார்கள் தோட்டத்து லயத்திலா, அந்த வரிசை வீடுகளிலா குடியிருந்தார்கள்? அவர் யாழ்ப்பாணத்தான், இந்தியத் தமிழன் என்று பிரித்துப் பேசுகிறார். கப்பலில் ஏறியது ஒரு ஊரின் மேல்தட்டும் இன்னொரு ஊரின் அடித்தட்டும். அப்புறம் குணத்தை ஒப்பிட்டால் எப்படி?

ஒரு காட்சி சொல்கிறேன். எனக்கு எட்டு வயது இருக்கும், 1963. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நிரை முழுக்கச் சீவி, மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளி தொங்க உன் பாட்டி பால் ஸ்டோருக்கு வருவாள். நான் ஒட்டுப்பால் சாக்கோடு பின்னால். ஸ்டோரில் வரிசை. முன்னால் நாற்காலியில் தோட்டத்துக் கிளார்க்கான கிராணியார், வெள்ளைச் சட்டை, பையில் பேனா. வாளியை எடை போடுவார்கள். பிறகு கிராணியார் கொஞ்சம் பாலில் மெட்ரோலாக் என்ற மிதவையைப் போடுவார். அது எவ்வளவு மூழ்குகிறது என்பதை வைத்து அதில் எத்தனை பவுண்டு காய்ந்த ரப்பர் தேறும் என்று கணக்கு. அவர் ஒரு நம்பர் சொல்வார், எழுதுவார். பாட்டி எட்டிப் பார்ப்பாள். நம்பர் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் கூடவா குறைவா என்று தெரிந்துவிடும் என்பாள். அந்தக் கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். பேசுவது தமிழ், ஆனால் "என்ன, தண்ணி கலந்தனியே?" என்று கேட்டால் எனக்குப் பாதி புரியாது, பயம் முழுதாகப் புரியும். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கிராணி என்றால் பெரும்பாலும் அவர்கள், இல்லாவிட்டால் மலையாளிகள். ஏன் எங்களில் ஒருவன் அந்த நாற்காலியில் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அதுதான் இப்போது யோசித்தால் கசக்கிறது.

பள்ளிக்கூடம் இருந்ததே என்பார் அவர். இருந்தது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ல் தொழிலாளர் சட்டமே வந்தது. சட்டத்துக்காக அத்தாப்பு ஓலைக் கொட்டகை ஒன்று போட்டார்கள். பல இடங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் வாத்தியார். அங்கே தமிழில் நான்கோ ஆறோ படித்துவிட்டு எங்கே போவது? மேல்படிப்பு இங்கிலீஷில், டவுனில், பஸ் காசும் பீஸும் கட்டி. என் வகுப்பில் இருபத்து மூன்று பேர். 1968ல், மேல்படிப்புக்கு முன் மொழி பழக்கும் ரிமூவ் கிளாஸுக்குப் போனது நான்கு பேர், அதில் ஒரு பெண்கூட இல்லை. உன் அம்மப்பா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து இங்கிலீஷ் பள்ளிக்கு நடந்தே போனார். அவருடைய சீனியர் கேம்பிரிட்ஜ் சர்ட்டிபிகேட் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் பிரேம் போட்டு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா?

கள்ளுக்கடை பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தோட்டத்துக்குள் கடையை வைத்ததே நிர்வாகம். நாங்கள் கேட்டு வைக்கவில்லை. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அவர்கள் கேட்டவற்றைப் பார்: சீனர்களுக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துவது, கள்ளுக்கடைகளை மூடுவது. நம் பெண்களிடம் முறைகேடாக நடக்கும் வெள்ளைக்காரர்களையும் "கறுப்பு வெள்ளைக்காரர்களையும்" அடக்க வேண்டும் என்றும் இருந்தது. அந்த இரண்டாவது பெயர் யாருக்கு என்று நான் விளக்க வேண்டாம். தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், ராணுவத்தை இறக்கினார்கள், சுட்டார்கள். கள்ளுக்கடை மட்டும் அப்படியே இருந்தது. அதற்காக நம் ஆட்கள் குடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சம்பள நாளில் லயத்தில் கேட்ட சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. என் அப்பாவும் விதிவிலக்கு இல்லை.

படிப்பைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. யாரும் அதைப் பேசுவதில்லை. மாதச் சம்பளம். மழை பெய்தால் மரம் சீவ முடியாது, கூலி கிடையாது. காய்ச்சல் வந்தால் கிடையாது. அம்மாவின் தாத்தாவுக்கு மழையிலும் சம்பளம், லீவிலும் சம்பளம், முடிந்ததும் பென்ஷன். மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தவன் அடுத்த வருடப் பள்ளிப் பீஸைத் திட்டம் போடுவான், கூட்டுறவுக் கடன் வாங்குவான். நாள்கூலிக்காரனுக்கு யார் கடன் கொடுப்பார்கள்? சீனன் கடையில் பற்று, அல்லது பெண்கள் சேர்ந்து போடும் கூட்டுச் சீட்டு. வீடும் அப்படித்தான். வேலை போனால் லயமும் போய்விடும். உன் அம்மப்பாவின் ஆட்கள் மலாயா பென்ஷனில் யாழ்ப்பாணத்தில் கல்வீடு கட்டினார்கள். நாற்பது வருடம் சீவிய உன் பாட்டிக்கு ஒரு வாசற்படிகூடச் சொந்தமில்லை. 900 வெள்ளி குறைந்தபட்ச மாதச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது 2013ல். பாட்டி போய்ப் பதினொரு வருடம் கழித்து.

அவர்கள் உழைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். சந்தர்ப்பம் கிடைத்த எல்லோரும் அதைப் பயன்படுத்துவதில்லை, அவர்கள் பயன்படுத்தினார்கள். அம்மம்மா ஏழு பிள்ளைகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, மண்ணெண்ணெய் விளக்கு அணையும்வரை பக்கத்தில் பனையோலை பின்னிக்கொண்டிருப்பாராம். பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான். (சேர்த்ததில் பாதி சீதனத்துக்குப் போனது, அது வேறு கதை. உன் அம்மா படித்துவிட்டு என்னிடம் சிரிக்கட்டும்.) எங்கள் பக்கம் திருவிழாவுக்குக் கடன் வாங்கியதும், தேர்தலுக்குத் தேர்தல் வேட்டி வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டதும் உண்டு. ஆனால் 1960ல் அமைச்சர் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, துண்டாடி விற்கும் தோட்டங்களைத் தொழிலாளிகளே வாங்கலாம் என்றபோது, பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியதும் இதே கள்ளுக்கடை ஆட்கள்தான்.

1957ல் சுதந்திரம் வந்தது. பிரஜாவுரிமைக்குப் பாரம் நிரப்ப வேண்டும். தாத்தாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோய் அதற்குள் பதினான்கு வருடம், திரும்பி வரவில்லை. அப்பாவிடம் ஒரு காகிதமும் இல்லை. அவருக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்தது யார் தெரியுமா? அதே கிராணியார். ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, காசு வாங்காமல். பெரியப்பாவுக்கும் சொல்லி அனுப்பினார். எடையில் தகராறு செய்து பேச்சை நிறுத்தியிருந்த பெரியப்பா, "அவன் வாசலுக்கு நான் போவேனா" என்று போகவில்லை. பிரஜை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடே இருந்தார். 1969ல், பிரஜை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பெரியப்பாவுக்குக் கிடைக்கவில்லை. மனைவி, நான்கு பிள்ளைகளோடு திரும்பிப் போனார், அதே ராஜுலாவில். பினாங்குத் துறைமுகத்தில் அப்பா அவருக்குத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்ததைப் பார்த்தேன். நேரம் பார்க்கத் தெரியாத மனிதர் அவர்.

அந்த மாமாவின் குடும்பம் மெல்பர்னுக்குப் போனதும் சும்மா இல்லை. 1970லிருந்து இங்கிலீஷ் பள்ளிகள் வகுப்பு வகுப்பாக மலாய்க்கு மாறின. அடுத்த வருடம் மலாய்க்காரர்களுக்கு முன்னுரிமை தரும் புதிய பொருளாதாரக் கொள்கை. அவர்கள் ஏறி வந்த ஏணியின் படிகளே இல்லாமல் போயின. உன் மாமன்மார் இருவரும் அப்போதுதான் கிளம்பினார்கள். கிளம்ப அவர்களிடம் இங்கிலீஷும் விற்க ஒரு வீடும் இருந்தன. எங்கள் தோட்டம் வீடமைப்புக்காரர்களிடம் போனபோது ஆட்களுக்குக் கிடைத்தது பலகை வீடும் கொஞ்சம் பணமும். 2007 நவம்பரில் ஹிண்ட்ராப் என்ற இந்தியர் உரிமை இயக்கத்தின் பேரணியைக் கலைக்கக் கோலாலம்பூர்த் தெருக்களில் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்களே, அந்தக் கூட்டத்தில் என் பழைய மாணவர்கள் எத்தனையோ பேர்.

சரி, நீண்டுவிட்டது. அம்மா படித்துவிட்டாள். பனையோலை இல்லையாம், கம்பளி நூலாம். மலாயாவில் பனைக்கு எங்கே போவார்கள் என்கிறாள். திருத்திப் படித்துக்கொள்.

இன்னொன்று. அந்த மாமாவின் அப்பாவும் கிள்ளான் பக்கம் தோட்டத்தில் கிராணியாக இருந்ததாகச் சொன்னாயே. மறுபடி அவர் வீட்டுக்குப் போனால் எந்தத் தோட்டம், எந்த வருடங்கள் என்று கேள். சண்டைக்கு இல்லை. எங்கள் கிராணியாரின் பெயரே எனக்குத் தெரியாது. கிராணியார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கும். வீட்டில் பழைய போட்டோ இருந்தால் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அப்பா