செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: மறதி நோய் வந்த வீடுகளுக்குத் துணையாக

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை தவிர மற்ற மாதங்களில் முதல் ஞாயிறு தவறாமல் கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

லெகானமாப், டொனனெமாப் ஊசிகளுக்கு அமெரிக்காவில் 2023, 2024இல் அனுமதி கிடைத்த செய்தியைப் பார்த்துவிட்டுப் பலர் என்னிடம் விசாரித்தீர்கள். அவை மறதி நோயில் ஒரு வகையான அல்சைமரின் தொடக்க நிலைக்கு மட்டும்தான். நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும், குணமாக்காது. மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வரலாம் என்பதால் அவ்வப்போது மூளையை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள். சரி, இன்றைக்கு நம்மால் ஆவது என்ன என்று பராமரிப்பு ஆய்வுகளைத் தேடிப் படித்தோம்.

2008இல் வெளியான கோவா ஆய்வு எனக்குப் பெரிய தெம்பு தந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் வீடு தேடிப் போய் யோசனை சொன்னார்கள், குறை கேட்டார்கள். ஆறே மாதத்தில் பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் தேறியது. நாமும் இருவர் இருவராக வீடுகளுக்குப் போகத் தொடங்கினோம்.

ஒரு வீட்டில் பெரியவர் தினமும் விடிந்ததும் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார். நிலத்தை விற்றுப் பல வருடம் ஆயிற்று. "வித்தாச்சுப்பா" என்று மகன் சொல்லும்போதெல்லாம் அன்றுதான் பறிகொடுத்தவர்போல அழுவார். இப்போது மருமகள், "மேட்டூர் இன்னும் திறக்கலை மாமா, காப்பி குடிச்சுட்டுப் போகலாம்" என்கிறார். மண்வெட்டியைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். அந்த மருமகள் மூன்று தீபாவளியாகத் தாய் வீட்டுப் பக்கம் போகவில்லை. தை மாதம் நம் உறுப்பினர்கள் முறைவைத்து இரண்டு நாள் பெரியவரோடு இருந்தார்கள், அந்தப் பெண் போய்வந்தார். இந்த ஆண்டில் நாம் செய்த பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு மறதி நோய் உள்ளவர்களுக்காகத் தமிழர்களுக்கேற்ப அமைத்த அறிவுத் தூண்டல் பயிற்சியைப் பற்றியும் படித்தோம். வாரம் இரண்டு வீதம் 14 அமர்வுகள். சரியா தவறா என்று யாரையும் சோதிப்பதில்லை. அதை முழுமையாக நடத்த நமக்குப் பயிற்சி இல்லை. ஆனாலும் நெல் அளக்கும் மரக்காலையும் ஒரு பிடி மாப்பிள்ளைச் சம்பா நெல்லையும் நடுவில் வைத்தபோது, மாதக்கணக்கில் பேசாதிருந்த அம்மா ஒருவர் நாற்று நடவு பற்றிக் கால் மணி நேரம் பேசினார்.

ஒரு பெரியவர் இரவில் வெளியேறி வாய்க்கால் கரையில் கண்டுபிடிக்கப்பட்டார். அதிலிருந்து சட்டைகளில் தொலைபேசி எண்ணைத் தைத்துக் கொடுக்கிறோம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். டிமென்ஷியா எனும் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதம் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடியது என்று லான்செட் மருத்துவ இதழின் 2024 ஆணையம் கணித்திருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், காது மந்தம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். காதையும் காட்டிவிடுங்கள்.

வரும் ஆண்டில் வாரம் இரு நாள் பகல்நேரக் கவனிப்பு தொடங்கச் செயற்குழு தீர்மானித்துள்ளது. படி ஏறாத ஒரு கூடமும் கைப்பிடி வைத்த கழிப்பறையும் வேண்டும். இடம் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்