முதலாம் தவணை நிறைவும் தரம் 6 மரக் கொப்பிகளும்

அன்புடைய பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

வணக்கம். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையுடன் எமது பாடசாலையின் முதலாம் தவணை நிறைவடைகின்றது. இல்ல மெய்வல்லுநர் போட்டி இனிதே நடந்தேறியது; பேச்சு, வாசிப்புப் போட்டிகளில் மாணவர்கள் வழமைபோல் சிறப்பாகப் பங்குபற்றினர்; நூலகத்துக்குப் புதிய அலுமாரிகள் வந்துள்ளன; கீழ்த்தளக் குடிநீர்க் குழாய்கள் திருத்தப்பட்டுள்ளன. இவற்றுக்காக உழைத்த ஆசிரியர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும் நன்றி.

இனி, தங்களுடன் சற்று விரிவாகப் பேசவேண்டிய ஒரு விடயத்துக்கு வருகின்றேன். அது தரம் 6 மாணவர்களுக்குத் தை மாதத்தில் வழங்கப்பட்ட மரக் கொப்பி பற்றியது. ஒப்படை மிக எளியது. வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடைப்பட்ட வழியில் ஏதேனும் ஒரு மரத்தைப் பிள்ளை தெரிவுசெய்ய வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை, பத்து வாரங்களுக்கு, அந்த மரத்தைப் பார்த்து, இலை உண்டா, மொட்டு உண்டா, பூ உண்டா, கீழே என்ன விழுந்து கிடக்கின்றது என்று இரண்டு மூன்று வரிகள் எழுத வேண்டும். முடிந்தால் ஒரு படம் வரைய வேண்டும். அவ்வளவுதான்.

இதனை ஏன் வழங்கினோம் என்று சில பெற்றோர் வகுப்பாசிரியரிடம் கேட்டிருக்கின்றனர், நியாயமான கேள்வி. கொழும்பில் ஆண்டு முழுவதும் வெயிலும் வியர்வையும் ஒன்றுபோலவே இருப்பதால், மழை பெய்தால் மட்டும் காலம் மாறியதாக எண்ணிக்கொள்கின்றோம். ஆனால் மரங்களின் கணக்கு வேறு. ஆண்டின் தொடக்கத்தில் மழை குறைந்து வரட்சி தலைகாட்டியதும், எமது வாயிலுக்கு எதிரே நிற்கும் ரொபரோசியா தன் இலைகளை உதிர்த்துவிட்டு, வெறுங்கிளைகளில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கின்றது. மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த, எல் சல்வடோர் நாட்டின் தேசிய மரமான அது, காலி வீதியின் புகைக்கு நடுவிலும் தன் காலத்தை மறப்பதில்லை. முள்முருக்குச் சிவப்பாகப் பூத்தால் புத்தாண்டு நெருங்கிவிட்டது என்று எமது சிங்கள அயலவர்கள் சொல்வார்கள். அவர்கள் எரபது என்று அழைக்கும் அதே மரத்தின் தடியைத்தான் நாம் கல்யாண வீட்டில் கன்னிக்காலாக ஊன்றுகின்றோம். வெசாக் கூடுகள் கட்டும் நாட்களில் கொன்றை மஞ்சட் சரங்களைத் தொங்கவிடும். கொழும்பு 7இன் பழைய வீதிகளுக்கு நிழல் தரும் மாரா மரங்களோ, அதாவது நாம் தூங்குமூஞ்சி என்று கூறும் மரங்களோ, மாலையில் இலைகளை மடித்துக்கொள்வதை, அவற்றின் கீழே வாகன நெரிசலில் அரை மணிநேரம் நிற்பவர்களில் எத்தனை பேர் கண்டிருப்போம்? பருவக்காற்றைப் பற்றிப் பாடநூலில் படிக்கும் பிள்ளை, அதன் அடையாளத்தைத் தன் தெருவிலேயே காணட்டும் என்பதே எமது நோக்கம்.

கொப்பிகள் கடந்த வாரம் வந்து சேர்ந்தன. 34 கொப்பிகளையும் இரண்டு மாலைகள் இருந்து நானே வாசித்தேன். அவற்றுள் 11 கொப்பிகளில், எழுத்துருவத்தில் மட்டும் வேறுபட்ட ஒரே பந்தி காணப்பட்டது. "வசந்த காலத்தின் வருகையைக் கட்டியங்கூறி இம்மரம் பூத்துக் குலுங்குகின்றது" என்று அது தொடங்கியது. பம்பலப்பிட்டியில் வசந்த காலம் எந்தத் திகதியில் வந்துபோனது என்று எனக்குத் தெரியவில்லை. நான் விடுமுறையில் இருந்த நாளாக இருக்கலாம். இரண்டு கொப்பிகளில் ரொபரோசியா என்ற தலைப்பின் கீழ் ஒட்டப்பட்டிருந்தவை யப்பானியச் செர்ரிப் பூக்களின் வண்ணப் படங்கள். பின்னணியில் பனி மூடிய மலையும் இருந்தது. இன்னொரு கொப்பியில், நான் ஒவ்வொரு நாளும் கடந்து வருகின்ற, அந்த வாரம் ஒரு மொட்டுக்கூட இல்லாதிருந்த கொன்றையொன்று "பொன்மாரி பொழிவதாக" மிக அழகிய, முதிர்ந்த கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கையெழுத்து எமது முன்னேற்ற அறிக்கைகளில் பெற்றோர் ஒப்பமிடும் இடத்தில் நான் பலமுறை கண்ட கையெழுத்து.

மாறாக, ஒரு பிள்ளையின் கொப்பியை இங்கே குறிப்பிட விரும்புகின்றேன். பாடசாலை வான் வண்டிக்குக் காத்துநிற்கும் வேளையில் வாயிலோர ரொபரோசியாவைப் பார்த்து, ஏழாம் வாரத்தில் அப்பிள்ளை எழுதியது இது: "நிறையப் பூ விழுந்து கிடந்தது. மேல இருக்கிற பூவின்ர உள்ளுக்கு மஞ்சள். விழுந்ததில மஞ்சள் இல்லை, வெள்ளை." கீழே இரண்டு பூக்கள் வரையப்பட்டு, ஒன்றின் தொண்டைப் பகுதி மட்டும் மஞ்சட் பென்சிலால் அழுத்தித் தீட்டப்பட்டிருந்தது. நான் வாயிலுக்குச் சென்று குனிந்து ஒரு பூவை எடுத்துப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி. புதிதாக மலர்ந்த பூவின் உட்புற மஞ்சள், பூ முதிரும்போது வெளுத்துவிடுகின்றது. பன்னிரண்டு ஆண்டுகளாக அம்மரத்தின் கீழால் நடக்கும் நான் இதனை அறிந்திருக்கவில்லை. வெள்ளவத்தை ஒழுங்கையொன்றிலுள்ள வேம்பைத் தெரிவுசெய்த மற்றொரு மாணவி, அம்மம்மா பழைய சேலையை விரித்து வேப்பம்பூச் சேர்த்து வடகத்துக்குக் காயவைத்ததை எழுதியிருக்கின்றாள். அந்தப் பக்கத்தில் ஒரு எண்ணெய்க் கறையும் உண்டு. வேறொரு மாணவன் பத்து வாரங்களும் "பூ இல்லை" என்று மட்டுமே எழுதியிருக்க, "மரம் பூக்கவில்லை, மன்னிக்கவும்" என்று அவனுடைய தந்தையார் கடைசிப் பக்கத்தில் குறிப்பெழுதியிருக்கின்றார். ஐயா, மன்னிப்புக்கு இங்கு இடமே இல்லை. தங்கள் மகன் பத்து முறையும் நிமிர்ந்து பார்த்திருக்கின்றான். அவனுக்கு முழுப் புள்ளி.

ஆகவே தெளிவாகக் கூறவேண்டியுள்ளது. பெற்றோரோ, மூத்த சகோதரரோ, ரியூசன் ஆசிரியரோ எழுதிக்கொடுத்த கொப்பிகளுக்கும், இணையத்திலிருந்து பார்த்தெழுதப்பட்டவற்றுக்கும் புள்ளி வழங்கப்படமாட்டாது. அவை மாணவர்களிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டுள்ளன. பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகத் தன் பெயரின் கீழ் எழுத ஒரு பதினொரு வயதுப் பிள்ளையைப் பழக்குவதற்கு இப்பாடசாலை உடன்படாது. இது குறித்து வகுப்பாசிரியருடன் தொலைபேசியில் வாதிடுவதையும், பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் அவரைப் பெயர் குறிப்பிட்டு விமர்சிப்பதையும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளவும். முடிவு என்னுடையது, கேள்விகள் என்னிடம் வரட்டும்.

இவ்வளவு கூறிய பின், ஒன்றை ஒப்புக்கொள்ளாவிட்டால் நேர்மையாகாது. என் மகன் தரம் 7இல் படித்தபோது, அவனுடைய புவியியல் ஒப்படைக்கு இரவு பதினொரு மணிக்கு இலங்கைப் படம் வரைந்து மகாவலிக்கு நீலம் தீட்டியவள் நான்தான். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு, இரவு ரியூசன் வகுப்பு வாசலில் காத்துநின்று திரும்பும் தங்களுடைய களைப்பை நான் அறிவேன். எழுதிக்கொடுத்தவர்கள் அனைவரும் பிள்ளை மீதுள்ள அன்பினாலேயே அதைச் செய்தார்கள் என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

எனவே திருப்பிக் கொடுக்கப்பட்ட கொப்பிகளுக்கு இரண்டாம் தவணையின் ஐந்தாம் வாரம் வரை கால அவகாசம் வழங்குகின்றேன். வாரத்தில் ஒரு நாள் ஐந்து நிமிடம் போதும். வானின் யன்னலூடாகவோ தொடர்மாடியின் பல்கனியிலிருந்தோ பார்க்கலாம். அந்த ஐந்து நிமிடமும் கைத்தொலைபேசி பையில் இருக்கட்டும். எழுத்துப் பிழைகளைத் தாங்கள் திருத்த வேண்டாம். பேச்சுத் தமிழில் எழுதினாலும் ஏற்றுக்கொள்வோம். பூக்களைப் பறிக்கவோ கிளைகளை முறிக்கவோ கூடாது. 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸொன்றின் மீது மரம் விழுந்து ஐவர் உயிரிழந்ததைச் சில பெற்றோர் நினைவூட்டியுள்ளனர். அந்த அச்சம் எனக்கும் உண்டு. காற்று, மழை வேளைகளில் எந்தப் பிள்ளையும் மரத்தின் கீழ் நிற்க வேண்டியதில்லை; அன்று "மழை, பார்க்கவில்லை" என்று எழுதினால் அதுவும் ஒரு பதிவே. விடுமுறைக்கு யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ மலையகமோ செல்பவர்கள், அங்குள்ள ஒரு மரத்தை அந்நாட்களுக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

சென்ற வாரம் ஒரு தாயார் பாடசாலை முடிந்த பின் வாயிலில் மகளுடன் நின்று, விழுந்த பூக்களில் மஞ்சள் எஞ்சியிருக்கின்றதா என்று புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவருக்கும், இத்தவணை முழுவதும் எமக்கு ஒத்துழைத்த தங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.

இவ்வண்ணம்,
அதிபர்