வழி மறித்தவர்களுக்கு நன்றி

பனிமலைக்குப் போயிருந்த நாங்கள் எல்லோரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம். விசாரித்த அத்தனை பேருக்கும் நன்றி, தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் பனிச்சரிவில் சிக்கியதாக எப்படியோ செய்தி பரவியிருக்கிறது. சிக்கவே இல்லை. அப்படிச் சிக்காமல் பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் வழிகாட்டி. புயல் இறங்கிய காலையில் மூட்டை முடிச்சோடு நாங்கள் வாசலில் நிற்க, மனுஷன் காலணியைக்கூடப் போடாமல் வந்து "இன்றைக்குக் கிடையாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். முணுமுணுத்தவர்களிடம் எரிந்து விழாமல் வரைபடத்தை விரித்துக் காட்டினார். எவ்வளவு பனி பெய்தது என்பது பாதிக் கதைதானாம். காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டுபோய் முகட்டின் மறுபக்கத்தில் கொட்டுகிறது, அது பலகையாக இறுகி, அடியில் இருக்கும் பலவீனமான அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதன்மேல் ஓர் ஆள் கால் வைத்தால் போதும், மொத்தமும் உடைந்து இறங்கிவிடும். பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது நடக்கிறது. எங்கள் பாதை என்னவோ சமதரைதான், ஆனால் அப்படிப்பட்ட சரிவுகளுக்கு நேர் கீழே போகிறது. கீழே நடப்பவர்களின் பாரமே மேலே இருப்பதை இழுத்துவிடலாம் என்று அவர் சொன்ன பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் விடுதிக்குப் பின்னால் எங்களைப் பழக்கியதற்கு அவருக்கு இரண்டாவது நன்றி. புதைந்தவரைத் தேட உதவும், உடம்பில் கட்டிக்கொள்ளும் ரேடியோ கருவியான டிரான்ஸீவர் ஒன்றைப் பையில் போட்டுப் பனியில் புதைத்துவிட்டுத் தேடச் சொன்னார். எந்த நாட்டில் வாங்கினாலும் அது 457 கிலோஹெர்ட்ஸில்தான் பேசும், அதனால் யாரிடம் இருப்பதும் யாருடையதையும் கண்டுபிடிக்கும். கண்டுபிடிப்பது சுலபம், தோண்டுவதுதான் முதுகை ஒடித்தது. முழுதாகப் புதைந்தவரைச் சுமார் 10 நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்களாம், அரை மணி நேரம் போனால் மூன்றில் ஒருவர்தான். வெளியிலிருந்து மீட்புக் குழு வந்து சேர அதற்கு மேலேயே ஆகும் என்பதால் கூட வந்தவன் கையில் மண்வாரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்து, பனிச்சரிவு அறிக்கை எழுதும் முகம் தெரியாதவர்களுக்கு. குளிரில் குழி தோண்டி, அடுக்கு அடுக்காகப் பனியைத் தொட்டுப் பார்த்து, ஆபத்து எவ்வளவு என்று 1 முதல் 5 வரை ஓர் எண் கொடுக்கிறார்கள். அன்றைக்கு 5-க்கு 4. அதைவிட அறிக்கையில் எனக்குப் பிடித்தது எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல் என்று தெளிவாக எழுதியிருந்தது. 3 என்று போட்டால் நடுத்தரம்தானே என்று கிளம்புகிறவர்கள் நிறைய; உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த 3-இல்தான் நடக்கிறது.

சாலையை மூடியவர்களுக்கும் நன்றி. இதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, ஏனென்றால் தடுப்புக் கட்டையைப் பார்த்ததும் எங்கள் வண்டியில் கிளம்பிய வசவுகள் இங்கே எழுதக்கூடியவை இல்லை. புயல் ஓய்ந்ததும், கீழே ஆள் இல்லாததை உறுதி செய்துகொண்டு, வெடி வைத்து மிச்சத்தை அவர்களே இறக்கினார்கள். சத்தம் கேட்டுச் சன்னல் அதிர்ந்தது. பிறகு பனி அகற்றும் வண்டியின் பின்னால் ஊர்ந்து வந்தபோது பார்த்தோம்: ஏற்கனவே சரிந்தது சாலைக்குக் குறுக்கே, வேரோடு பிடுங்கிய மரங்களோடு, சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. வண்டியில் யாரும் பேசவில்லை.

அப்புறம், கூட்டம் நிரம்பி வழிந்தபோதும் கதவைச் சாத்தாமல் தரையில் படுக்கை விரித்துக் கொடுத்த விடுதிக்காரர்கள், ஈரக் காலுறைகளின் நாற்றத்தைச் சகித்த அறைத்தோழர்கள், எல்லோருக்கும் நன்றி.

பனி அகற்றும் வண்டி ஓட்டியவரிடம் பெயர் கேட்காமல் வந்துவிட்டோம். இரவெல்லாம் விழித்திருந்த கண்கள், எங்களைத் தாண்டிப் போகும்போது கையை மட்டும் உயர்த்தினார். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.