வடகொழும்புக்கும் வத்தளைக்கும் தடம் கேட்டபோது கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அயலவர்களே, நண்பர்களே,

கொழும்பில் மறுபடி ட்ராமோ, நகரத்துக்குள் ஓடும் சிறு மின்சார ரயிலான இலகு ரயிலோ போடுவது என்றால், முதல் வரைபடத்திலேயே வடகொழும்பும் வத்தளையும் இருக்க வேண்டும் என்ற எங்கள் கோரிக்கையை மூன்று மொழிகளிலும் எழுதிச் சென்ற மாதம் கையளித்துவிட்டோம். பதில் இன்னும் வரவில்லை. பதில் வந்த பிறகு நன்றி சொன்னால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதில் எப்படி வந்தாலும் நீங்கள் பட்ட பாடு பட்டதுதானே. அதற்கு இப்போதே நன்றி சொல்ல வேண்டும்.

முதலில், தங்கள் காலை நேரத்தை எங்களுக்காகக் கொப்பியில் எழுதி வைத்த பெண்களுக்கு. கோரிக்கைக்கு உயிர் கொடுத்தது அந்தக் கொப்பிகள்தான். வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், எத்தனை பஸ் நிற்காமல் போனது, எங்கே மாறினீர்கள், வேலையிடத்தில் தாமதத்துக்கு என்ன வெட்டினார்கள் என்று நாள்தோறும் எழுதியிருந்தீர்கள். நகர மையத்துக் கொம்பனித்தெருவில் பிறந்து வளர்ந்து, வடகொழும்பின் ஹேனமுல்லைத் தொடர்மாடிக்கு மாற்றப்பட்ட பிறகும் பழைய இடத்துக்கே வேலைக்குப் போகிற அக்காமார் எழுதியதை வாசித்தபோது எங்கள் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. வீடு கிடைத்தது, ஆனால் வேலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தூரமாகிவிட்டன என்பதை எந்த அறிக்கையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிராது. நீங்கள் எழுதிய பக்கங்களைப் பெயர் நீக்கி அப்படியே இணைப்பாகச் சேர்த்திருக்கிறோம். ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

எங்கள் வாதத்தின் அடிப்படை எளிமையானது. கொழும்பின் ரயில் பாதைகளைப் பாருங்கள். கரையோரப் பாதை கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று தெற்கே போகிறது. களனிவெளிப் பாதை நாரஹேன்பிட்டி, நுகேகொடை, மகரகம என்று போகிறது. பிரதான பாதை தெமட்டகொடை, களனி வழியாக ராகமைக்குப் போகிறது. நீர்கொழும்புப் பக்கம் போகும் பாதையும் அங்கேதான் பிரிகிறது. இவற்றுக்கும் கடலுக்கும் இடையில் அகப்பட்டிருப்பவை கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, களனி ஆற்றைத் தாண்டினால் ஹெந்தளை, வத்தளை. இத்தனை சனம் நெருக்கமாக வாழும் இடங்களுக்கு ஒரு பயணிகள் ரயில் நிலையம்கூடக் கிடையாது. எல்லாப் பாரமும் பஸ்ஸின் தலையில்தான். அந்தப் பஸ்ஸோ துறைமுகத்துக்குப் போகிற கொள்கலன் லொறிகளுக்குப் பின்னால் நிற்கிறது.

இதைப் படமாக வரைந்து தந்தவர் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் ஹெந்தளைத் தங்கச்சி. பரீட்சைக் காலத்திலும் வரைபடத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார். வடக்குப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும் அந்த ஒரு படம் எங்கள் பத்துப் பக்க விளக்கத்தைவிட வலுவானது. தங்கச்சி, மனமார்ந்த நன்றி.

பழைய ட்ராமைப் பற்றித் தேடியவர்களுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். கொழும்புப் பொது நூலகத்தில் உட்கார்ந்து பழைய தாள்களைப் புரட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் இல்லாவிட்டால், ட்ராம் என்பது வெளிநாட்டு ஆசை என்று எங்களை ஒதுக்கியிருப்பார்கள். இந்த நகரத்தில் 1899 இலேயே மின்சார ட்ராம் ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு கோடு கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு, இன்னொன்று பொரளைக்கு. 1929 இல் ட்ராம் தொழிலாளர்கள் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் செய்த வேலைநிறுத்தம் நாட்டின் தொழிற்சங்க வரலாற்றிலேயே பெரிய நிகழ்ச்சி. 1944 இல் மாநகர சபை ட்ராமைப் பொறுப்பேற்றது. 1953 இல் மேலே போகும் மின்கம்பியில் கரண்ட் எடுத்து ஓடும் ட்ரொலி பஸ் வந்தது, 1960 இல் ட்ராம் நின்றது, 1964 இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றுபோனது. ஆக, கிராண்ட்பாஸ் வரை வந்த தடம் மட்டக்குளிக்கு நீளாமலே கழற்றப்பட்டது. அதற்குப் பிறகு தண்டவாளம் என்று எதுவும் எங்கள் பக்கம் பயணிகளுக்காக வரவில்லை.

கிராண்ட்பாஸில் இருக்கும் ஆச்சி ஒருவர், சிறு பிள்ளையாகத் தகப்பனுடன் ட்ராமில் போனதைத் தன் பேரனின் ஃபோனில் பதிவு செய்து அனுப்பினார். மணிச் சத்தம் எப்படி இருக்கும் என்று வாயாலேயே செய்து காட்டியிருக்கிறார். ஆச்சி, அதைக் கோரிக்கையோடு இணைக்க முடியவில்லை. ஆனால் கூட்டங்களில் போட்டுக் காட்டியபோது இளம் பிள்ளைகள் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டார்கள்.

வத்தளையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ரயில் சாரதி ஐயாவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனை மேட்டில் ரயில் எப்படி ஏறும் என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். மலைநாட்டுப் பாதையின் கடும் ஏற்றமே 44 அடிக்கு ஓர் அடிதான், அதாவது நூற்றுக்குச் சுமார் இரண்டேகால். நீண்ட பெட்டித் தொடரை முன்னால் நிற்கும் எஞ்சின் ஒன்றே இழுக்க வேண்டியிருப்பதால் அதற்கு மேல் கஷ்டம். ட்ராமில் பெட்டிகளின் அடியிலேயே பல சில்லுகளுக்கு மோட்டர் இருக்கும். நூற்றுக்கு ஆறு ஏற்றத்தையும் அது ஏறிவிடும். வளைவும் அப்படித்தான், பெரிய ரயில் திரும்ப முடியாத தெருமுனையில் ட்ராம் திரும்பும். பிறேக் பிடித்தால் கரண்ட் திரும்பக் கம்பிக்கே போகும் என்று அவர் சொன்னபோது முன் வரிசைப் பையன்கள் அவரை விடவேயில்லை. ஐயா, அந்த இரவு கடைசிப் பஸ்ஸையும் தவறவிட்டு வத்தளைக்கு ஓட்டோவில் போனீர்கள். கூலியைக்கூட எங்களைக் கொடுக்க விடவில்லை.

இப்போது, எங்களை எதிர்த்தவர்களுக்கு. பழைய சோனகத் தெரு, ஆமர் வீதிப் பக்கத்து வியாபாரிகள் முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்றார்கள். தெருவைக் கிண்டினால் கடை என்னாகும், லொறி எங்கே நின்று சாமான் இறக்கும், மூட்டை சுமக்கும் நாட்டாமைகள் எங்கே வேலை செய்வார்கள் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது முழுக்க நியாயம். ஒரு கடைக்கார நானாவின் மகன் எடின்பரோ நகரத்துக் கதையைத் தேடி எடுத்து வந்தார். அங்கே 2008 இல் தொடங்கிய ட்ராம் வேலை இழுபட்டு, 2014 இல்தான் வண்டி ஓடியது. இடையில் கடைக்காரர்கள் பட்டது பெரும்பாடு. இதைக் கேட்ட பிறகு எங்கள் கோரிக்கையில் ஒரு முழுப் பகுதியே புதிதாக எழுதப்பட்டது. ஒடுங்கிய தெருக்களில் இரட்டைத் தடம் வேண்டாம், ஒற்றைத் தடமும் எதிரெதிரே வரும் வண்டிகள் இடையிடையே விலகும் இடமும் போதும். இரவில் சாமான் இறக்க நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு துண்டு முடிந்து கிண்டிய குழி மூடப்பட்ட பிறகே அடுத்த துண்டைக் கிண்ட வேண்டும். வேலை நடக்கும் காலத்துக்குக் கடைகளுக்கு நட்டஈடு வேண்டும், அன்றாடக் கூலிக்கு வேலை செய்கிற நாட்டாமைகளுக்கும் வேண்டும். நீங்கள் எதிர்த்திராவிட்டால் இதெல்லாம் வந்திராது. கடைசியில் உங்களில் பலர் கையொப்பமும் இட்டீர்கள். ஒப்பமிடாதவர்களுக்கும் எங்கள் நன்றி குறைவில்லை.

155, 176 வழித்தட பஸ்களின் சாரதிகளுக்கும் நடத்துனர்களுக்கும் தனியாகச் சொல்கிறேன். ட்ராம் வந்தால் உங்கள் பிழைப்பு போய்விடுமோ என்ற பயம் இருந்தும் எங்களோடு இருந்து கதைத்தீர்கள். எந்தத் தரிப்பில் எந்த நேரம் சனம் மிஞ்சுகிறது என்று உங்களைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வரும் கூட்டத்தை எந்தக் கணக்கெடுப்பும் சரியாகப் பிடிக்காது என்று நீங்கள் சொன்னதால்தான், செவ்வாயைத் தனியாக எண்ண வேண்டும் என்று எழுதினோம். ட்ராம் தரிப்புகளுக்குச் சனத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் சிறு பஸ் வழித்தடங்களை இப்போதைய உரிமையாளர்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்ற யோசனையும் உங்களுடையதுதான்.

மெல்பேர்னில் ட்ராம் ஓட்டும் எங்கள் முகத்துவாரத்துத் தம்பி, வேலை முடிந்து களைத்த நேரத்திலும் காணொளி அழைப்பில் வந்தார். உலகத்திலேயே நீண்ட ட்ராம் வலையமைப்பு அந்த நகரத்தினுடையது, சுமார் 250 கிலோமீற்றர். அங்கேயும் பெரும்பகுதித் தடத்தில் கார்கள் கூடவே ஓடுவதால் ட்ராம் மாட்டிக்கொள்கிறது என்றார். இடம் இருக்கும் வீதிகளில் எல்லாம் தடத்தைத் தனியாகப் பிரித்துவிடுங்கள், பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள் என்றார். அப்படியே எழுதியிருக்கிறோம், தம்பி.

சக்கர நாற்காலியில் வந்து ஒவ்வொரு கூட்டத்திலும் கலந்துகொண்ட புளூமெண்டல் வீதி அண்ணனுக்கு என்ன சொல்வது? மாற்றுத்திறனாளிகள் பொது இடங்களுக்கு வந்துபோக வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 முதல் இந்த நாட்டில் இருக்கின்றன. ஆனாலும் அவர் ஒரு பஸ்ஸிலும் தானாக ஏற முடியாது. தரிப்பு மேடையும் ட்ராம் பெட்டியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது கோரிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேதான் இருக்க வேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நின்றார், சரியாகத்தான் நின்றார்.

இவர்களைத் தவிர, சிங்களத்தில் அழகாக எழுதித் தந்த வெல்லம்பிட்டி ஆசிரியைக்கும், இரவிரவாக அச்சடித்துத் தாள் காசு மட்டும் வாங்கிய ஜம்பட்டா வீதி ஃபோட்டோக் கொப்பிக் கடை நானாவுக்கும், மண்டபம் தந்த கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களுக்கும், தேநீர் வைத்த எல்லா வீட்டுக்காரர்களுக்கும் நன்றி.

சிலர் இன்னும் கேட்கிறார்கள், மாலபே இலகு ரயிலுக்கே அந்தக் கதி, நமக்கு எங்கே என்று. அந்த வலி எனக்கும் உண்டு. கோட்டையிலிருந்து மாலபே வரை 16 நிலையங்கள், ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு 2019 இல் கடன் ஒப்பந்தம், வட்டியும் மிகக் குறைவு. 2020 இல் அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, 2016 இல் மேல் மாகாணத்துக்கென வகுத்த போக்குவரத்துத் திட்டத்தில், கோட்டையிலிருந்து மருதானை வழியாக மட்டக்குளி, பேலியகொடைப் பக்கம் வரும் ஒரு கோடும் இருந்தது. நாங்கள் புதிதாக ஒன்றைக் கற்பனை செய்து கேட்கவில்லை. ஏற்கெனவே வரைந்த கோட்டை மறுபடி எடுங்கள், அதை வத்தளை வரை நீட்டுங்கள், இந்தத் தடவை கடைசியில் வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

கோரிக்கையின் பிரதிகள் ஃபோட்டோக் கொப்பிக் கடையில் இருக்கின்றன, யாரும் வாங்கிப் பார்க்கலாம். பழைய ட்ராம் டிக்கெட்டோ படமோ வீட்டில் வைத்திருப்பவர்கள் கடையில் சொல்லிவிடுங்கள், நாங்களே வந்து படமெடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். கொலன்னாவைப் பக்கத்திலிருந்து வந்த நண்பர்கள் தங்கள் ஊருக்கும் இதேபோல் ஒரு கோரிக்கை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கொப்பி எழுத ஆட்கள் தேவை. முடிந்தவர்கள் போய் உதவுங்கள்.

அன்புடன்,
கோரிக்கையைத் தொகுத்தவர்கள் சார்பில்,
மட்டக்குளி வாசி ஒருவர்