யூ மரத்து இலையைக் கொதிக்க வைக்காதே

அன்பு மகனுக்கு,

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் நண்பனின் அம்மாவுக்கு யூ மரத்து இலையில் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். முதலில் அவனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடு, அப்புறம் மீதியைப் படி.

அந்த ஊசியிலை மரத்திலிருந்து புற்றுநோய் மருந்து வந்தது உண்மைதான். 1962-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார்கள். அதிலிருந்து மன்றோ வால், மன்சுக் வானி என்ற இரண்டு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்ததுதான் பாக்லிடாக்சல். செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதற்குள் இருக்கும் நுண்குழல்கள் கூடவும் கலையவும் வேண்டும். இந்த மருந்து அவற்றைக் கலையவே விடாது. செல் பிரிய முடியாமல் செத்துப்போகும். 1979-இல் இதைக் கண்டு சொன்னவர் சூசன் ஹார்விட்ஸ் என்ற விஞ்ஞானி. சூலகப் புற்றுநோய்க்குக் கொடுக்க அங்கே அனுமதி கிடைத்தது 1992-இல். பட்டையிலிருந்து ஊசிக்கு வர முப்பது வருஷம்!

பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். அதனால் பிற்பாடு ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து ஒரு மூலப்பொருளை எடுத்து, அதை மருந்தாக மாற்றினார்கள். இலை திரும்பவும் துளிர்க்குமே. உன் நண்பன் எங்கோ படித்தது இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் பாக்லிடாக்சல் தண்ணீரில் கரைவதே அரிது. ஊசியாக ஏற்றுவதற்கே ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானும் ஆல்கஹாலும் தேவைப்பட்டன. கஷாயத்தில் இறங்குவது வேறு சரக்கு: டாக்ஸீன் என்ற நஞ்சு. இதயத் துடிப்பையே குலைத்துவிடும், அதற்கென்று முறிமருந்தும் கிடையாது. கொதிக்க வைத்தாலும் காய வைத்தாலும் போகாது. கத்தரித்துப் போட்ட தழையைத் தின்று மாடும் குதிரையும் செத்திருக்கின்றன. சிவப்புப் பழத்தின் சதையில் மட்டும்தான் நஞ்சில்லை. உள்ளே இருக்கும் விதை ஆபத்து.

அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே இதே மருந்தைத்தான் ஏற்றுகிறார்களோ என்னவோ, மருந்துச் சீட்டைப் பார்க்கச் சொல். முடி கொட்டுவதும் விரல்கள் மரத்துப்போவதும் இதனால் வரக்கூடியவைதான். விரல் மரத்துப்போனால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லட்டும், தேவைப்பட்டால் அளவைக் குறைப்பார்கள். ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அவன் தவிப்பு எனக்குப் புரியாமலில்லை. மருந்து ஏறி முடிய சில மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் பேசிக்கொண்டிருக்கட்டும்.

அம்மா