அலுவலகம் போகாமலே முடிந்தவை எத்தனை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நகராட்சிகளின் இணையச் சேவை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதியவர்கள் தயங்குவதால்தான் இது மெதுவாகப் பரவுகிறது என்று அதில் ஒரு வரி. நீண்ட நாள் வாசகியான எனக்கு அது ரொம்பவே வலித்தது.

எனக்குத் தயக்கமே கிடையாது. கணவர் இறந்த பின் சொத்து வரியை என் பெயருக்கு மாற்ற இணையத்தில்தான் விண்ணப்பித்தேன். இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், ஏற்றினேன். அதைக் கொடுத்ததே அதே நகராட்சிதான்! தன் பதிவேட்டில் இருப்பதை என்னிடம் ஏன் கேட்க வேண்டும்? கடைசியில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ஒற்றைச் சொல் வந்தது. காரணம் இல்லை, யாரைக் கேட்பது என்றும் இல்லை. நேரில் போனால் அசலையும் நகலையும் கொண்டுவரச் சொன்னார்கள். நான் ஏற்றியதையே அச்சிட்டுக் கோப்பில் கட்டி, முன்பு போலவே மேசை மேசையாக அனுப்புகிறார்கள். விண்ணப்பம் வாங்கும் இடம்தான் மாறியிருக்கிறது, உள்ளே வேலை மாறவில்லை. இதில் தயங்குவது யார்?

எஸ்டோனியாவில் 2001 முதலே ‘எக்ஸ்-ரோடு’ என்ற இணைப்பு வழியாக அரசுத் துறைகள் தகவலைத் தங்களுக்குள் வாங்கிக்கொள்கின்றன. ஒருமுறை தந்ததை மக்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்பது அங்கே கொள்கை. டென்மார்க்கில் 2014இல் அரசுக் கடிதங்களை மின்வழியில் பெறுவதைக் கட்டாயமாக்கியபோதும், முடியாதவர்களுக்கு விலக்கு வைத்தார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியிருந்தும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

இங்கே நேரில் விண்ணப்பம் வாங்கும் கவுன்ட்டரையும் மூடிவிட்டார்கள். 2019இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகராட்சிக் கணினிகளை இணையக் கொள்ளையர்கள் முடக்கிப் பணம் கேட்டபோது, வீட்டு விற்பனையும் தண்ணீர்க் கட்டண பில்லும் வாரக்கணக்கில் தடைபட்டன. அப்படி ஒரு நாள் வந்தால் நாங்கள் எங்கே போய் நிற்பது?

தெருவிளக்குப் புகாரும் இப்படித்தான். விளக்கு எரியவில்லை, ஆனால் செயலியில் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். அதுவும் சாதனைக் கணக்கில்தான் சேரும். இதைப் பற்றி முன்பே எழுதினேன், நீங்கள் வெளியிடவில்லை. சரி, அது உங்கள் உரிமை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இணையத்தில் வந்த விண்ணப்பங்கள் இத்தனை என்று அடுத்த முறை நகராட்சி சொல்லும்போது, அவற்றில் மனுதாரர் அலுவலகத்துக்கு வராமலே முடிந்தவை எத்தனை என்றும் உங்கள் நிருபர் கேட்டு, அந்த எண்ணையும் போடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி