சேஷாத்திரிக்கும் ஓர் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

இந்தியக் கணித மேதை என்றாலே இராமானுஜனோடு நின்றுவிடும் மாணவர் பக்கங்களில், காஞ்சிபுரத்தில் 1932 பிப்ரவரி 29-ஆம் நாள் (நான்காண்டுக்கு ஒருமுறைதான் பிறந்தநாள்!) பிறந்த சி. எஸ். சேஷாத்திரிக்கும் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்னை லயோலா கல்லூரியில் பயின்று, பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்த அவர், பல்லுறுப்புக்கோவைகளை ஒட்டிப் பிரெஞ்சு அறிஞர் செர் 1955-இல் எழுப்பிய வினாவுக்கு, இரண்டு மாறிகள் உள்ள நிலையில் 1958-இலேயே விடை கண்டார். எத்தனை மாறிகளானாலும் பொருந்தும் விடைக்கு உலகம் 1976 வரை காத்திருக்க நேர்ந்தது. சக கணித அறிஞர் எம். எஸ். நரசிம்மனுடன் 1965-இல் நிறுவிய தேற்றமே அவருக்குப் பெரும்புகழ் தந்ததென்றாலும், என் மனம் அந்த இரண்டு மாறிகளிலேயே நிற்கிறது. சென்னைக் கணிதவியல் கழகம் 1989-இல் அவர் தொடங்கியதே. கர்நாடக இசையும் பாடுவார். 2020 ஜூலையில் மறைந்தார்.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் தந்தையாரின் பழைய கணக்குப் புத்தகத்தில் மிஞ்சிய தாளொன்றில், எக்ஸ், வை இரண்டோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு படிக்கும் என் பேத்தியிடம் இதைச் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “காஞ்சிபுரமா தாத்தா, பட்டுச்சேலை ஊரா?” என்றாள்.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்